பூங்காவில் பாடம் சொல்வதும் ஒரு வேலைதானா?

கேள்வி: “இரண்டரை ஏக்கரில் நெல்லும், அரை ஏக்கரில் எலுமிச்சையும் வைத்திருக்கிறேன். மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறாள். ஒரு பொதுப் பூங்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி, பறவை, மரம் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓராண்டு ஒப்பந்தம். ‘வண்ணத்துப்பூச்சி காட்டவா காலேஜுக்கு அனுப்பினே?’ என்று உறவினர்கள் கேலி பேசுகிறார்கள். எனக்கு வேறொரு கவலை. மருந்து அடிக்கிறவன் எல்லாம் பாவி என்று அங்கே படித்துக்கொண்டு வந்து, என்னிடமே சண்டைக்கு நிற்பாளோ? அனுப்பலாமா?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி மாவட்டம்.

பதில்: அனுப்பலாம் ஐயா. ஆனால், அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 25 ஏக்கரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015 முதல் இருக்கிறது. போய்ப் பார்த்தால் பூச்செடிகள்தான் முதலில் கண்ணில் படும். ஆனால், பூ மட்டும் இருந்தால் வண்ணத்துப்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும்; தங்காது. அது முட்டை வைக்க, புழு தின்ன, தனிச்செடி வேண்டும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கு. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நார்த்தை, கறிவேப்பிலை, வில்வம். நாம் வரப்பில் வெட்டி எறிகிற எருக்கஞ்செடியை இப்படிப்பட்ட பூங்காவில் வேண்டுமென்றே வளர்ப்பார்கள். ‘ஏன்?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்த இடத்தில்தான் உங்கள் மகளின் வேலை தொடங்குகிறது.

எருக்கம்பாலில் நஞ்சு இருக்கிறது. அதைத் தின்று வளரும் புழு, நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அந்தப் பூச்சியைத் தொடுவதில்லை. இதை வகுப்பறைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். இலையைத் திருப்பி, கோடு போட்ட புழுவைக் காட்டிச் சொன்னால் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

இந்த வேலையில் பேச்சைவிடத் தயாரிப்புதான் அதிகம். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் ஒரு சுற்று நடந்து, எந்தச் செடியில் முட்டை, எதில் கூட்டுப்புழு, எங்கே குளவிக்கூடு என்று குறித்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறி உடம்பு சூடான பிறகுதான் வண்ணத்துப்பூச்சி நன்றாகப் பறக்கும்; அதற்கேற்ப நேரம் பிரிக்க வேண்டும். ஐம்பது பிள்ளைகள் ஒன்றாக வந்தால் மூன்று குழுவாக்க வேண்டும். ஓரிடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் பாதிப் பேர் ஊஞ்சலைப் பார்ப்பார்கள். கோடை வெயிலில் வண்ணத்துப்பூச்சி குறைந்துபோகும். அந்த நாட்களில் மரப்பட்டை, எறும்பு, சிலந்தி, காய்ந்த இலை என்று இருப்பதை வைத்துப் பாடம் நடத்தத் தெரிய வேண்டும்.

இனி, உங்கள் கவலைக்கு வருகிறேன்.

எலுமிச்சை நாற்றங்காலில் கொழுந்து இலையைக் கடித்துத் தீர்க்கும் புழுவை உங்களுக்குத் தெரியும். சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போல இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் அடிக்கும். அதுதான் எலுமிச்சை அழகியின் புழு. உங்கள் தோட்டத்தில் அது பூச்சித் தாக்குதல்; பூங்காவில் அதைப் பார்க்கத்தான் பேருந்து பிடித்து வருகிறார்கள். பூச்சி ஒன்றுதான், இடம்தான் வேறு. ‘இது நல்ல பூச்சியா, கெட்ட பூச்சியா?’ என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். எலுமிச்சைத் தோட்டக்காரரின் மகளைவிட இதற்குச் சரியான பதில் சொல்ல யாரால் முடியும்? ‘எங்கள் வீட்டு நாற்றங்காலில் இதைக் கையால் பொறுக்கி எடுப்போம், பெரிய மரத்தில் நாலைந்து இருந்தால் விட்டுவிடுவோம்’ என்று அவர் சொன்னால், பட்டணத்துப் பிள்ளைக்கு விவசாயத்தின் நியாயமும் புரியும்.

மருந்தைப் பற்றிய பேச்சும் வரத்தான் செய்யும். ‘விவசாயிங்கதான் விஷத்தைக் கொட்டுறாங்க’ என்று பார்வையாளர்கள் சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்ல, வயல் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

இந்தோனேசியாவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே நெல்லுக்கு மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. புகையானைத் தின்னும் சிலந்திகளும் மற்றப் பூச்சிகளும் மருந்தில் செத்ததுதான் காரணம். 1986-ல் நெல்லுக்கு அடித்துவந்த 57 மருந்துகளை அந்த நாட்டு அரசு தடை செய்தது. தடை மட்டும் போதாது என்று, 1989-ல் உழவர் வயல்வெளிப் பள்ளியைத் தொடங்கினார்கள். வாரம் ஒருமுறை விவசாயிகள் வயலில் இறங்கி, பூச்சிகளைப் பார்த்து எண்ணுவார்கள். பிறகு மர நிழலில் உட்கார்ந்து, தாளில் ஒரு நெற்பயிரை வரைந்து, தீமை செய்யும் பூச்சிகளை ஒரு பக்கமும் நன்மை செய்யும் பூச்சிகளை மறுபக்கமும் வரைவார்கள். அடிக்கலாமா, வேண்டாமா என்று அவர்களே முடிவெடுப்பார்கள். அந்தப் பள்ளிதான் பிறகு நம் ஊருக்கும் வந்தது. பார், எண்ணு, பிறகு பேசு என்ற அதே முறைதான் பூங்காவிலும். உங்கள் மகள் பிள்ளைகளுக்குச் செய்யப்போவது, நாங்கள் வயலில் உங்களுக்குச் செய்ய முயல்கிற அதே வேலை.

ஆகவே, மகள் சண்டைக்கு வந்தால் கோபப்படாதீர்கள். வயலுக்குக் கூட்டிப் போங்கள். சதுர மீட்டருக்குத் தண்டு துளைப்பான் முட்டைக் குவியல் இரண்டு இருக்கிறதா, குருத்து காய்ந்த தூர்கள் நூற்றுக்குப் பத்து இருக்கின்றனவா என்று எண்ணச் சொல்லுங்கள். இல்லை என்றால் மருந்துச் செலவு மிச்சம். தாய்ப்பூச்சி நடமாட்டம் தெரிந்தால், நட்ட 30, 37-ம் நாட்களில் ஏக்கருக்கு 2 சி.சி. டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுங்கள். அட்டை கட்டிய நாட்களில் மருந்து தெளிக்கக் கூடாது. எலுமிச்சை பூத்திருக்கும்போது, தேனீக்கள் வரும் காலை நேரத்தில் எந்த மருந்தையும் அடிக்காதீர்கள். இவ்வளவையும் இருவரும் சேர்ந்து செய்தால், அந்தச் சண்டை குடும்பத்துக்கு லாபம்தான்.

சேர்வதற்கு முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்:

* மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், பி.எஃப். பிடித்தம் உண்டா? எழுத்தில் வாங்குங்கள்.
* ஓராண்டு முடிந்ததும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா?
* ஞாயிறும் பண்டிகை நாளும்தான் பூங்காவில் கூட்டம். வார விடுமுறை எந்த நாள்?
* மாலையில் வீடு திரும்பப் பேருந்து இருக்கிறதா? பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா?
* பாம்பு, குளவி, தேனீ உள்ள இடம். முதலுதவிப் பயிற்சி தருவார்களா?
* கல்விப் பணி மட்டுமா, டிக்கெட் கிழிப்பதும் சேர்த்தா?

சம்பளம் குறைவாக இருந்தால் அதை மறைக்க வேண்டாம். ஒப்பந்த வேலையை நம்பிக் கடன் வாங்கவும் வேண்டாம். ஓராண்டு வேலை பார்த்தால் கூட்டத்தின் முன் நின்று பேசும் தைரியமும், பூச்சிகளைப் பார்த்ததும் இனம் சொல்லும் கண்ணும் கிடைக்கும். மேற்படிப்புக்கும், ஆசிரியர் பணிக்கும், பூச்சியியல் ஆய்வுக்கும் அவை உதவும். தினமும் எந்தப் பூச்சியை எந்தச் செடியில் பார்த்தார் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் அந்த நோட்டு அவர் கையில் இருக்கும்.

கேலி பேசும் உறவினர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். மகளுக்கு என் வாழ்த்துகள்.