உறி உடைந்த மறுநாள்

தஹி ஹண்டிக்கு மறுநாள் மும்பை நாளேடுகள் காயமுற்ற கோவிந்தாக்களின் எண்ணிக்கையை வெளியிடுகின்றன. அத்துடன் பொதுக்கவனம் முடிந்துவிடுகிறது. எலும்பு கூடவும் தசை மீளவும் ஆகும் மாதங்கள் கணக்கில் வருவதில்லை. நம் உறியடிக்கு உறவான இவ்விழாவை இனியேனும் விளையாட்டு மருத்துவத்தின் கண்கொண்டு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

2014-ல் மும்பை உயர் நீதிமன்றம் 20 அடி உயர வரம்பும் 18 வயது வரம்பும் விதித்தது. 2017-ல் உயர வரம்பு நீங்கியது. 14 வயதுக்குட்பட்டோர் பங்கேற்கலாகாது என்பது மட்டும் நின்றது. 2022-ல் மாநில அரசு இதனைச் சாகச விளையாட்டாக அறிவித்து, இறப்பவர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்குவதாகவும் கூறியது. உயரம், வயது, இழப்பீடு ஆகியவற்றைச் சுற்றியே விவாதம் நடந்திருக்கிறது. கால் முறிந்து வீடு திரும்பியவருக்கு அதில் போதிய இடமில்லை.

டோம்பிவிலியில் அடுக்கின் அடித்தளத்தில் நிற்கும் இளைஞர் பலருக்கு வேலை மும்பையில். சத்ரபதி சிவாஜி முனையம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நெரிசல் மிகுந்த லோக்கலில் ஊன்றுகோலுடன் ஏற முடியாது. ஏறாவிட்டால் கூலி இல்லை. ஆகவே 'ஓய்வெடுங்கள்' என்னும் அறிவுரை அவருக்குப் பொருளற்றது. முழு ஓய்வும் தீர்வன்று. 1978-ல் ஓய்வையும் பனிக்கட்டியையும் பரிந்துரைத்த மருத்துவர் கேப் மிர்கின், அவை குணமாதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். அசைவற்ற காலின் தசை ஓரிரு வாரங்களிலேயே மெலிகிறது. படிப்படியாகப் பளு ஏற்றும் இயன்முறைப் பயிற்சியே அதனை மீட்கும்.

உணவின் பங்கும் பெரிது. நடமாட்டமில்லை என்று காயமுற்றோர் சாப்பாட்டைக் குறைப்பதுண்டு. சீரமைப்புப் பணிக்கும் ஆற்றல் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். பொதுவாக ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. விளையாட்டு வீரர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 120 கிராம். வடாபாவும் கட்டிங் சாயும் அந்த அளவை எட்டா. விலை மிகுந்த புரதப்பொடியும் தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வறுகடலையில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. உறியில் தொங்கும் தயிரும் இதற்குரிய உணவே.

பக்தியையும் கொண்டாட்டத்தையும் மருத்துவத்தால் அளக்கலாமா என்று கேட்கலாம். விளையாட்டு என்று அரசே பெயர் சூட்டிய பின் அக்கேள்விக்கு வலுவில்லை. பரிசுத்தொகையில் ஒரு பங்கை இயன்முறை சிகிச்சைக்கும், இழந்த கூலிக்கும் ஒதுக்க வேண்டும். பயிற்சி தொடங்கும் குருபூர்ணிமா முதலே உணவும் தசைவலுவும் குழுவின் பொறுப்பாக வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கும் இங்கே பணி உண்டு. காயமுற்றோரை ஆறு மாதம் தொடர்ந்து பதிவு செய்தால், யார் எப்போது வேலைக்குத் திரும்பினார், யார் திரும்பவே இல்லை என்பது தெரியும். கொள்கை வகுப்போரிடம் கொண்டுசெல்ல வேண்டிய எண்ணிக்கை அதுவே.