சீட்டில் எழுதிய டோஸ் போதாது!

1/ "காலையில 10 யூனிட், ராத்திரி 8." மேலூரிலிருந்து வந்த ஏழாம் வகுப்புப் பையனின் சீட்டில் ரெண்டு வருஷமா இதே டோஸ். டைப் 1 சர்க்கரை. சுகர் ஏறினா அம்மாவுக்குத்தான் திட்டு: "வாயைக் கட்ட மாட்டேங்கிறானா?"

2/ கையில் சி.ஜி.எம். சென்சார் ஒட்டி 14 நாள் பார்த்தோம். காலை 6 மணிக்கு 110, வீட்டில் நிம்மதி. அதிகாலை 3 மணிக்கோ 52! சாயங்காலம் கபடி ஆடிய நாளெல்லாம் இதே கதை. காலையில் விரலைக் குத்தினால் இது எப்படித் தெரியும், சொல்லுங்க? கபடி நாளுக்கு ராத்திரி டோஸைக் குறைத்தோம்.

3/ சென்சாரில் 150. அம்பு மேலே போனால் ஒரு முடிவு, கீழே போனால் வேறு முடிவு. மூணு இட்லிக்கும் ஜிகர்தண்டாவுக்கும் ஒரே யூனிட் போடச் சொன்னால், தப்பு பிள்ளை மேலயா, சீட்டு மேலயா?

4/ "பணக்காரங்க சமாச்சாரம் டாக்டர்"னு ஒதுக்காதீங்க. இன்சுலினை இலவசமாகத் தருவதோடு அரசின் கடமை முடியாது. மூணு மாசத்துக்கு ஒரு சென்சாராவது இந்தப் பிள்ளைகளுக்குத் தரணும்.

5/ பெற்றோரே, இன்சுலினை ஒருநாளும் நிறுத்தாதீங்க. சாப்பாடு, விளையாட்டு எழுதிய நோட்டோட வாங்க. "டோஸை மாத்தக் கத்துக்கொடுங்க"னு கேளுங்க. கேட்பது உங்க உரிமை. கத்துக்கொடுப்பது எங்க வேலை.