பனியின் நிழல் நீலம்

ஜனாஸாத் தொழுகையில் ஓதும் துஆவில், இறந்தவரைத் தண்ணீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவுமாறு அல்லாஹ்விடம் வேண்டுகிறோம். அதன் பொருளை நடத்தும்போது ஒரு மாணவர், "உஸ்தாத், பனியால் எப்படிக் கழுவ முடியும்?" என்றார். நியாயமான ஐயம். நம் பிள்ளைகள் அறிந்த பனி மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது. அரபியில் 'ஸல்ஜ்' எனப்படுவது வேறு.

சொல்வதைவிடக் காட்டுவது எளிது என்று எண்ணி, ஓர் ஓவியத்தின் அச்சுப் படியை வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனே 1868-69 குளிர்காலத்தில் நார்மண்டியின் எத்ரெத்தா ஊரருகே தீட்டியது. பனி சுமந்த மரங்கள், ஒரு வேலி, அதன் படலின்மேல் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு பறவை. ஓவியத்தின் பெயரும் அப்பறவையுடையதே.

மாணவர்கள் முதலில் கவனித்தது பறவையை அன்று, நிழலை. "நிழல் ஏன் நீலமாக இருக்கிறது?" வெயில் படாத பனியின்மீது வானத்தின் ஒளியே விழுகிறது; ஆகவே அது நீலம் காட்டுகிறது. நிழல் என்றால் கருமை என்று பழகிவிட்ட கண்ணுக்கு அது பிழையாகத் தோன்றும். 1869இல் பாரிஸ் சலோன் கண்காட்சியின் நடுவர்கள் இவ்வோவியத்தை ஏற்கவில்லை. இன்று அது அதே நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறுநாள் ஒரு மாணவரின் தந்தை வந்து, மதரஸாவில் ஓவியம் எதற்கு, அதிலும் உயிருள்ள பறவை எதற்கு என்று வருத்தத்தோடு கேட்டார். அவருடைய பேணுதலை மதிக்கிறோம். உருவப்படங்கள் குறித்த எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் உள்ளவை. அவற்றை மழுப்ப நமக்கு உரிமையில்லை. பறவை இல்லாத ஒரு பனிக்காட்சியை நாம் தேர்ந்திருக்க வேண்டும்; அது நம் கவனக்குறைவே. அவரிடமும் அவ்வாறே சொன்னோம்.

ஆனால் ஓவியமே வேண்டாம் என்பதை ஏற்க இயலவில்லை. ஓவியத்தால் பிழைத்துவந்த ஒருவரிடம், மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. மலைகளின் வெண்மையையும் செம்மையையும் கருமையையும் ஃபாத்திர் அத்தியாயம் எடுத்துச் சொல்கிறது. நிறங்களைப் பாராத கண்ணோடு அவ்வசனத்தை ஓதும் பிள்ளைக்கு நாம் எதைக் கற்பிக்கிறோம்? கைப்பேசியில் நாள் முழுதும் ஓடும் படங்களைக் கேள்வியின்றி விட்டுவிட்டு, ஒரு மரத்தை நின்று பார்க்கச் சொன்னால் மட்டும் தயங்குவது நமக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரத்திற்கு, வீட்டருகே உள்ள ஒரு மரத்தை வரைந்துவரச் சொல்லியிருக்கிறோம். நிழலுக்குக் கறுப்பு வண்ணம் தீட்டக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அந்தத் தந்தை தம் மகனுக்கு வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்திருப்பதாகக் கேள்வி.