கட்டாய ராணுவ சேவை: அடுத்த வீட்டுப் பையனுக்கு மட்டும்!

திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த வசனம் காதில் விழும். "இந்தக் காலத்துப் பசங்க உருப்படாதுங்கப்பா. பதினெட்டு வயசு ஆச்சுன்னா புடிச்சு ரெண்டு வருஷம் மிலிட்டரில போடணும். சிங்கப்பூர்ல பாரு, எப்டி இருக்கான்!" சொல்கிறவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மிலிட்டரியில் இருந்தவராக இருக்க மாட்டார். (இருந்தவர் பக்கத்து பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், வாயே திறக்க மாட்டார். கவனித்திருக்கிறீர்களா?)

சரி, பெரியவர் சொன்ன சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 1965 ஆகஸ்டில் தனி நாடாக நின்றபோது அதன் கையில் இருந்தது இரண்டே காலாட்படை பட்டாலியன்கள். மொத்த ஜனத்தொகை இருபது லட்சத்துக்கும் கீழே. ராணுவத்தில் சேர ஆள் வரிசையில் நிற்கவில்லை. அதனால் 1967ல் சட்டம் போட்டு, பதினெட்டு வயதுப் பையன்களைப் பெயர் பதியச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் செய்த காரியம் அது. பையன்கள் ஒழுங்காக முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்ததில்லை.

இப்போதும் அங்கே பதினாறரை வயதில் பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் வரும். குடிமகனுக்கு மட்டுமா? பிஆர் வாங்கிய அப்பா தன் பெயரோடு மகன் பெயரையும் சேர்த்து பிஆர் எடுத்திருந்தால் மகனுக்கும் வரும். அப்பாவுக்கு விலக்கு உண்டு, மகனுக்கு இல்லை! பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டாகவே இருக்கலாம். முழுநேர சேவை இரண்டு வருடம் (2004க்கு முன்னால் இரண்டரை). அதன் பிறகு நாற்பது வயது வரை ரிசர்வ். பதிமூன்று வயதுக்கு மேல் பையன் நீண்ட நாள் வெளிநாட்டில் தங்க வேண்டுமென்றால் எக்ஸிட் பெர்மிட் வாங்க வேண்டும். சில சமயம் குறைந்தது 75,000 வெள்ளிக்கு பாண்டும் எழுதித் தர வேண்டும். தப்பித்து ஓடினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை ஜெயில்.

நம்ம டெல்டாவில் சிங்கப்பூர் சொந்தம் இல்லாத ஊர் இருக்கிறதா என்ன? அந்த வீடுகளில் பையனுக்குப் பதினைந்து வயது ஆகும்போது ஒரு பேச்சு ஆரம்பிக்கும். போனில் இங்கிருந்து போகிற யோசனை என்ன தெரியுமா? "படிப்பு ரெண்டு வருஷம் கெட்டுப்போயிடும்டா, பேசாம புள்ளையோட பிஆரை சரண்டர் பண்ணிட்டு இங்க கொண்டாந்து சேத்துடு." சேவை செய்யாமல் பிஆரை விட்டால் பிற்பாடு படிக்கவோ வேலைக்கோ அங்கே விண்ணப்பித்தால் அது பாதகமாக நிற்கும் என்று அந்த அரசாங்கம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அப்படியும் இந்த யோசனை போகிறது. எல்லா வீட்டிலும் என்று சொல்லவில்லை. புலாவ் தெக்கோங் தீவுக்குப் படகேறிப் போய் இரண்டு வருடத்தை முடித்துவிட்டு வந்த தமிழ்ப் பையன்கள் எத்தனையோ பேர். ஆனால் டீக்கடையில் சிங்கப்பூரைப் புகழ்கிற வாயும் போனில் சரண்டர் பண்ணச் சொல்கிற வாயும் ஒன்றாக இருக்கும்போதுதான் சிரிப்பு வருகிறது.

பேரப்பிள்ளை மேல் பாசம் இருப்பதில் தப்பே இல்லை. அடுத்த வீட்டுப் பையனுக்கும் தாத்தா இருக்கிறாரே என்பதுதான் கேள்வி.

இப்போது கொஞ்சம் கணக்கு (பி.காம். பசங்களுக்கு இது அல்வா மாதிரி). இந்தியாவில் வருடா வருடம் பதினெட்டைத் தொடுகிற ஆண்பிள்ளைகள் ஒரு கோடிக்கு மேல். ராணுவத்தின் மொத்த பலம் ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம். ஒரு கோடி என்றே வைத்துக்கொள்வோம். அக்னிவீரருக்கு முதல் வருடம் தருகிற மாதம் 30,000 ரூபாயைத் தலைக்குக் கொடுத்தால் வருடத்துக்கு 3.6 லட்சம் கோடி. இரண்டு வருட சேவை என்றால் எந்த நேரத்திலும் இரண்டு பேட்ச் உள்ளே இருக்கும், ஆக 7.2 லட்சம் கோடி. 2025-26ல் நாட்டின் மொத்தப் பாதுகாப்பு பட்ஜெட்டே 6.81 லட்சம் கோடிதான், பென்ஷன் உட்பட! இதில் இன்னும் சோறு, பூட்ஸ், துப்பாக்கி, படுக்க இடம் எதுவும் சேர்க்கவில்லை. பாதிச் சம்பளம் போதுமே என்பீர்களா? அப்படியானால் ஒழுக்கம் கற்றுக்கொடுக்கிற பெயரில் அரைக்கூலிக்கு ஆள் பிடிக்கிறோம் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

அதுவும் ஆள் இல்லாத நாடா இது? 2022 ஜூனில் அக்னிபத் அறிவித்தார்கள். அந்த வருடம் விமானப்படைக்கு மட்டும் வந்த விண்ணப்பம் 7,49,899. இடங்கள் சுமார் 3,000. ஒரு இடத்துக்கு 250 பேர்! நாலு வருடம் முடிந்தால் நூறில் இருபத்தைந்து பேர் வரைதான் உள்ளே இருக்கலாம், மற்றவர்கள் சேவா நிதியாக ஏறக்குறைய 11.71 லட்சத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு, பென்ஷன் கிடையாது என்று தெரிந்தே இத்தனை பேர். விருப்பப்பட்டு வருகிறவர்களில் 249 பேரைத் திருப்பி அனுப்பிக்கொண்டே, விருப்பமில்லாதவனைப் பிடித்து இழுத்து வர வேண்டும் என்பது என்ன நியாயம்?

கட்டாயம் என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவின் வியட்நாம் கதை வரைக்கும் போக வேண்டாம். (அங்கேயும் காலேஜில் இடம் பிடிக்க வசதி இருந்தவனுக்குத் தள்ளிவைப்பு கிடைத்தது, இல்லாதவன் போனான்.) கடலுக்கு அந்தப் பக்கம் வன்னி இருக்கிறது. போரின் கடைசி வருடங்களில் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டார்கள், பிறகு அதோடும் நிற்கவில்லை. பிள்ளையைப் பதுங்கு குழியில் ஒளித்து வைத்த தாய்மார் உண்டு. கல்யாணமானால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி அவசர அவசரமாகத் தாலி கட்டிவைத்த வீடுகள் உண்டு. லட்சியத்தில் நம்பிக்கை இருந்த வீடுகள்கூட இதில் சேர்த்தி. இன்னும் எழுதினால் மனசு தாங்காது, விடுங்கள்.

இந்த ஊரிலேயே ராணுவத்தைப் பற்றி ஒழுங்காக யோசித்த மனிதர் ஒருவர் இருந்தார். பழமானேரி சர் பி.எஸ். சிவசாமி அய்யர், அதாவது ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பேர் தந்தவர். 1917ல் வெள்ளைக்காரன் இங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தான். அதில் கட்டாயப் பதிவு ஐரோப்பிய பிரிட்டிஷ் ஆண்களுக்குத்தான், இந்தியருக்கு இஷ்டம் இருந்தால். ஆனால் இஷ்டப்பட்டு ராணுவத்துக்குப் போன இந்தியன் சிப்பாயாகச் சாகலாமே தவிர அதிகாரியாக வர வழி கிட்டத்தட்ட இல்லை. 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் சிவசாமி அய்யர் தீர்மானங்கள் கொண்டுவந்தார். இந்திய ராணுவம் இந்தியாவின் பாதுகாப்புக்கே இருக்க வேண்டும் என்றன அவை. அதிகாரி நியமனங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து இந்தியருக்குத் தர வேண்டும் என்றும் கேட்டன. போக நினைக்கிறவனுக்குக் கதவைத் திற என்பதுதான் அதன் சாரம்.

அதே இருபத்தைந்து சதவீதம் நூறு வருடம் கழித்து வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. விடிகாலையில் காவிரிக் கரையில் ஓடிப் பழகுகிற பையன்களைக் கேளுங்கள். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் ஒன்பதடிப் பள்ளம் தாண்டவும் தயாராகிக்கொண்டே, நாலு வருடத்துக்கு அப்புறம் அந்த இருபத்தைந்தில் வராவிட்டால் என்ன செய்வது என்றும் பேசிக்கொள்வார்கள். ஓடி முடித்துவிட்டு அதே டீக்கடைக்குத்தான் வருகிறார்கள். அவர்களிடம் பெரியவர் இதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை.