உடைந்த கல்லின் முன் ஒரு பாடம்



கற்றல் பயணமாக மாணவர்களைத் தேசிய அரும்பொருளகத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். சிங்கப்பூர்க் கல்லின் முன் நின்ற ஒரு மாணவி, "சார், இதை யார் உடைத்தார்கள்?" என்று கேட்டாள். நான் சற்றுத் தடுமாறினேன். 'சிங்கப்பூரைக் கண்டுபிடித்தவர் ராஃபிள்ஸ்' என்று பல்லாண்டுகள் சொல்லிப் பழகிய வாயல்லவா இது!

ஆற்று முகத்துவாரத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்திற்கு நின்ற கல்வெட்டுப் பாறை அது. கோட்டைப் பணிக்கு இடம் வேண்டி 1843இல் ஆங்கிலேய நிர்வாகம் அதனை வெடிவைத்துத் தகர்த்தது. சில துண்டுகள் ஆய்வுக்காகக் கல்கத்தா சென்றன. அவற்றுள் ஒன்றே இன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை எவரும் உறுதியாகப் படித்தறியவில்லை. மலாக்காவில் பிறந்தவரும் தமிழறிந்தவருமான முன்ஷி அப்துல்லா, அக்கல்லின் அழிவுக்காகத் தம் வரலாற்று நூலில் வருந்தியிருக்கிறார். ஆக, அன்றே ஒருவர் மனம் நொந்திருக்கிறார். நாம்தான் அதைப் பாடமாக்கவில்லை.

அந்தக் கட்டடமும் 1887இல் ராஃபிள்ஸ் பெயரில் திறக்கப்பட்டதே. காலனியாட்சி கட்டிய கூடத்திலேயே அவ்வாட்சியின் செயலுக்குச் சான்று இருக்கிறது. அரும்பொருளகத்தின் தொகுப்பில் உள்ள 477 இயற்கை ஓவியங்களையும் எண்ணிப் பாருங்கள். வரையச் சொன்ன ஃபார்க்குவாரின் பெயரால் அவை அறியப்படுகின்றன. வரைந்த சீன ஓவியர்களின் பெயர்களோ நமக்குக் கிடைக்கவில்லை.

2019இல் ஆசிய நாகரிக அரும்பொருளகம், பிரிட்டிஷ் அரும்பொருளகத்துடன் இணைந்து ராஃபிள்ஸ் பற்றிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. அறிஞர் எனப் போற்றப்பட்டவரை, அவர் திரட்டிய ஜாவானியப் பொருள்களைக் கொண்டே மறுபார்வைக்கு உட்படுத்திய முயற்சி அது. 1812இல் அவருடைய ஆட்சியில் யோக்யகர்த்தா அரண்மனை தாக்கப்பட்டுச் சூறையாடப்பட்டதையும் சுவடிகள் அள்ளிச் செல்லப்பட்டதையும் அறிந்தவர்களுக்கு, 'சேகரிப்பு' என்னும் சொல்லே உறுத்தும். ஆயினும் அக்கண்காட்சியின் தலைப்பிலும் அவர் பெயரே முன்னின்றது. விளக்க அட்டையை மாற்றினால் மட்டும் போதாது என்பது என் தாழ்மையான கருத்து.

"பழையதைக் கிளறி என்ன பயன்? துறைமுகம் வளர்ந்தது பொய்யா?" எனச் சில பெற்றோர் கேட்கலாம். பொய்யன்று. ஆனால் துறைமுகம் வளர்ந்த அதே ஊரில்தான் கல்லும் உடைந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு. ஒன்றை மறைத்தால் அது புகழுரை ஆகிவிடும்.

ஆகவே, அடுத்த முறை பிள்ளைகளுடன் செல்லும்போது, ஒவ்வொரு பொருளின் முன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இதைச் செய்தவர் யார்? இங்குக் கொண்டுவந்தவர் யார்? யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது?

அன்று அந்த மாணவிக்கு, "அப்போதைய அரசாங்கம்தான் உடைத்தது" என்றேன். அவள் உடனே, "எழுத்து இருப்பது தெரிந்துமா?" என்றாள்.

தெரிந்துதான். அந்த விடையைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு காலம் ஆகக்கூடாது.