தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இணையம்

வீணாகச் சுற்றி வளைக்கிறவரைப் பார்த்து, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறார் என்போம். ஜெர்மனியில் இணையப் பயனர்கள் பலர் சில வருடங்களாக இதைத்தான் செய்து வருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சுற்றினால்தான் மூக்கு சீக்கிரம் கைக்கு அகப்படுகிறது. மாலை ஏழெட்டு மணிக்கு ஒரு தளம் திறக்காமல் இழுத்தடிக்கிறது. வி.பி.என். மென்பொருளை இயக்கி, வேறொரு நகரத்துக் கணினி வழியாகச் சுற்றிப் போனால் அதே தளம் சட்டென்று திறக்கிறது. தூரம் கூடியிருக்கிறது, நேரமோ குறைந்திருக்கிறது. இது எப்படி?

இணையம் என்பது ஒரே வலை அல்ல. பல்லாயிரம் தனித்தனி வலையமைப்புகள் ஒப்பந்தம் போட்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதைத்தான் அந்தப் பெயரால் அழைக்கிறோம். ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தரவுப் பொதிகள் எப்படிப் போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பி.ஜி.பி. நெறிமுறை, எந்த வழி வேகமானது என்று அளந்து பார்ப்பதில்லை. யாரோடு என்ன ஒப்பந்தம், எது செலவு குறைவு என்பவையே பெரும்பாலும் வழியை நிர்ணயிக்கின்றன. ஆட்டோபானில் இருபது கிலோமீட்டருக்கு வண்டிகள் தேங்கி நின்றாலும் வழிகாட்டிப் பலகை அதே சாலையைத்தானே காட்டும்?

2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நால்வர் இதற்கு ஒரு மாற்றை முன்வைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். வெவ்வேறு இடங்களில் உள்ள பன்னிரண்டு கணினிகளை ஒன்றையொன்று இடைவிடாமல் அளக்க வைத்தார்கள். நேர்வழி அடைபட்டால், இன்னொரு கணினியை இடைத்தரகராக வைத்துப் பொதியை அனுப்பினார்கள். இணையத்தின் மேலேயே விரித்த இந்த வலைக்கு மேலடுக்கு வலையமைப்பு என்று பெயர். வழக்கமான முறையில் சரியாகப் பல நிமிடங்கள் பிடிக்கும் தடைகளை இது சராசரியாக இருபது வினாடிக்குள் கடந்தது. பெரும்பாலும் இடையில் ஒரே ஒரு கணினி போதுமானதாக இருந்தது. இன்று அகாமை, கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்கள் இதே கருத்தைக் கட்டணச் சேவையாக விற்கின்றன.

இந்த ஆய்வு சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. சுற்றுவழி வேகமாக இருக்கிறது என்றால், நல்ல பாதை ஏற்கனவே இருக்கிறது என்றே பொருள். அப்படியானால் அடைப்பு எங்கே, அதை ஏன் நீக்கவில்லை என்பதுதான் கேள்வி.

உலகின் மிகப் பெரிய இணையச் சந்திகளில் ஒன்றான டெ-சிக்ஸ் 1995 முதல் ஃபிராங்க்ஃபர்ட்டில் இயங்குகிறது. நூற்றுக்கணக்கான வலையமைப்புகள் அங்கே கைகோக்கின்றன. ஆனால் நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான டாய்ச் டெலிகாம், பிறரோடு இலவசமாகப் பொதி பரிமாறுவதில் தாராளம் காட்டுவதில்லை. தன் வாடிக்கையாளரை நேரே சென்றடைய விரும்புவோரிடம் கட்டணம் கேட்கிறது. 2024 மே மாதம் கொலோன் நீதிமன்றம், இந்த வகையில் மெட்டா நிறுவனம் சுமார் 2 கோடி யூரோ செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மெட்டா நேரடி இணைப்பை முறித்துக்கொண்டு மூன்றாமவர் வழியாகச் செல்லப்போவதாக அறிவித்தது. 2025 ஏப்ரலில் ஜெர்மன் நுகர்வோர் சம்மேளனமும் எப்பிசென்டர் வொர்க்ஸ் உள்ளிட்ட அமைப்புகளும், டெலிகாம் தன் எல்லை வாசல்களை வேண்டுமென்றே குறுகலாக வைத்திருக்கிறது என்று குற்றஞ்சாட்டி, பயனர்களின் அனுபவங்களைத் திரட்டத் தொடங்கின. டெலிகாம் இதை மறுத்தது. பெருநிறுவனங்கள் காணொளிகளைக் கொட்டுகின்றன, அதைச் சுமக்கும் செலவில் அவையும் பங்கேற்கட்டும் என்பது அதன் வாதம். அதிலும் ஓரளவு நியாயம் இல்லாமல் இல்லை.

மெட்டாவுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு உண்மையானால், குறுகிய வாசலில் நசுங்குவது யார்? நாலைந்து பேர் சொந்தக் காசில் நடத்தும் இலக்கியத் தளங்கள், பழைய நூல்களைப் படியெடுத்து வைத்திருக்கும் மின்னூலகங்கள், ஊரிலிருந்து வரும் சிறு வானொலிகள். இவர்களிடம் வாசற்கட்டணத்துக்கும் பணமில்லை, மேலடுக்குச் சேவைக்கும் பணமில்லை. இழுத்தடிக்கும் பக்கத்தை வாசகர் மூடிவிடுவார். அது மோசமான தளம் என்று நினைப்பாரே தவிர, வழியில் அடைப்பு என்று நினைக்கமாட்டார்.

வாசகரே வி.பி.என். வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். அதற்கும் மாதச் சந்தா உண்டு. போகுமிடமெல்லாம் அந்த நிறுவனத்துக்குத் தெரியும் என்பதையும் மறக்கக்கூடாது. எல்லோரும் சுற்றுவழிக்கு வந்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

ஜெர்மனிக்கு இப்படியொரு சுற்றுவழி புதிதல்ல. 2000களின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த ஃப்ரைஃபுங்க் இயக்கத்தினர், வீட்டு இணைப்பை அக்கம்பக்கத்தாரோடு கம்பியில்லாமல் பகிர்ந்தார்கள். யாரோ செய்த பதிப்புரிமை மீறலுக்கு இணைப்பின் சொந்தக்காரர் பொறுப்பாகலாம் என்ற சட்டநிலை குறுக்கே நின்றது. அதனால் 2012 வாக்கில் பொதிகளைச் சுவீடன் வழியாகச் சுற்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெர்லின் செய்தியைப் படிக்கச் சுவீடன் போய்வர வேண்டியிருந்தது! 2017இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சுற்றுக்கான முக்கியக் காரணம் மறைந்தது.

சுற்றுவழி மருந்தல்ல, நோயைக் காட்டும் வெப்பமானி. எல்லா உள்ளடக்கத்தையும் பாகுபாடின்றி நடத்தவேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது கம்பிகளுக்கு மட்டுமல்ல, வலைகள் சந்திக்கும் வாசல்களுக்கும் பொருந்துமா என்பதை ஜெர்மன் ஒழுங்குமுறை ஆணையம் தெளிவாகச் சொல்லவேண்டும். அதுவரை, மாலையில் ஒரு தமிழ்த் தளம் திறக்க மறுத்தால் உடனே மூடிவிடாதீர்கள். ஒருமுறை சுற்றிப்போய்ப் பாருங்கள். திறந்தால் குற்றம் தளத்தின் மீது இல்லாமல் இருக்கலாம்.