இண்டியன் லாரி: இரும்பும் பிம்பமும்

2004 ஆகஸ்ட் 28 அன்று வட கரோலினா மாநிலத்தின் கான்கார்டில் ஒரு மோட்டார் சைக்கிள் விழா நடந்தது. ஓடிக்கொண்டிருந்த வண்டியின் இருக்கையின் மீது ஏறி, கைப்பிடியை விட்டுவிட்டு, இரு கைகளையும் சிலுவைபோல் விரித்து நின்றார் ஐம்பத்தைந்து வயது மனிதர் ஒருவர். பல ஆண்டுகளாகச் செய்துவந்த சாகசம்தான். அன்று வண்டி தள்ளாடியது. தலைக்கவசம் அணியாத அவர் தரையில் விழுந்தார். இரண்டு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று இறந்துபோனார். டிஸ்கவரி தொலைக்காட்சியின் ‘பைக்கர் பில்ட்-ஆஃப்’ நிகழ்ச்சியின் வழியாக அமெரிக்காவெங்கும் அறியப்பட்டிருந்த இண்டியன் லாரிதான் அவர். இயற்பெயர் லாரி டிஸ்மெட்.

காட்சி ஊடகம் ஒரு கலைஞனைப் பலிவாங்கியது என்று எழுதி முடித்துவிடுவது சுலபம். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவருடைய வாழ்வைச் சற்று நிதானமாக வாசிக்கும்போது அந்த முடிவு அவ்வளவு எளிதாக நிற்பதில்லை.

லாரி பிறந்தது 1949-இல். வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் நதிக்கரையை ஒட்டிய சிற்றூர்ப் பகுதியில். இளமையில் இருநூறு டாலருக்கு ஒரு 1939-ஆம் ஆண்டு ஹார்லி வண்டியை வாங்கினார். சிலிண்டர் தலைகளின் மூடிகள் மடக்கிய முஷ்டியின் கணுக்களைப் போலிருப்பதால் ‘நக்கிள்ஹெட்’ எனப்படும் என்ஜின் கொண்டது அது. வாங்கியதும் அதைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆனது. ஓட்டுவதற்கு முன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்னும் அந்த வேட்கைதான் பிற்கால லாரி முழுவதும். பின்னர் போதை வந்தது. வங்கிக் கொள்ளை வந்தது. அதே ஹட்சன் கரையிலுள்ள சிங் சிங் சிறையில் ஏறக்குறைய மூன்றாண்டுகள் கழிந்தன. வெளியே வந்தவர் நியூயார்க் நகரத் தெருக்களில் ‘இண்டியன்’ நிறுவனத்தின் பழைய வண்டியொன்றை ஓட்டித் திரிந்ததால் அப்பெயரைப் பெற்றார். புரூக்ளினில் நண்பர்களோடு ‘கேஸலின் ஆலி’ என்னும் பட்டறையை நடத்தினார். தொலைக்காட்சி அவரைக் கண்டடைந்தபோது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார். சாகசமும் பச்சை குத்திய உடலும் கோனி தீவின் வேடிக்கைக் கூடங்களோடு கொண்ட உறவும் ஏற்கெனவே அவருடையவை. கேமரா அவற்றை உருவாக்கவில்லை. உருப்பெருக்கிக் காட்டியது, அவ்வளவே.

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. ‘சாப்பர்’ என்ற வண்டி வகையை உலகத்தின் கண்ணில் பதித்தது 1969-இல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ திரைப்படம். பீட்டர் ஃபோண்டா ஓட்டிய ‘கேப்டன் அமெரிக்கா’ வண்டியை அறியாத மோட்டார் சைக்கிள் பித்தர் இல்லை. ஏலத்தில் எடுத்த பழைய காவல்துறை ஹார்லிகளைக்கொண்டு அவ்வண்டிகளை உருவாக்கியதில் முதன்மையானவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்னும் இரு கறுப்பினத்தவர்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்களது பெயர் இல்லை. வெகுகாலம் வரை பொதுவெளியிலும் இல்லை. வண்டி தொன்மமாயிற்று, செய்தவர்கள் மறைந்துபோனார்கள்.

முப்பது சொச்சம் ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2000-களின் தொடக்கத்தில் டிஸ்கவரி போன்ற தொலைக்காட்சிகள் பட்டறைக்குள் கேமராவை நுழைத்தன. செய்பவர் நட்சத்திரமானார். ஆனால் செய்யப்பட்ட பொருள் என்ன ஆயிற்று? ‘அமெரிக்கன் சாப்பர்’ நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். லாரி வளர்ந்த அதே ஆரஞ்சு கவுண்டியில் இரும்பு வேலை செய்துவந்த பால் டியூட்டல் என்ற தந்தையும் அவரது மகன்களும் நடத்திய பட்டறையின் கதை அது. 2003 முதல் தொடராக வெளிவந்தது. தந்தையும் மூத்த மகனும் கத்திக்கொண்டார்கள், 2008-இல் மகன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், வழக்கு நடந்தது, 2010-இல் ‘சீனியர் எதிர் ஜூனியர்’ என்று அந்தப் பிளவே நிகழ்ச்சியின் பெயராயிற்று. 2018-இல் இணையமெங்கும் நகைப்புப் படமாகச் சுற்றியது நாற்காலி பறக்கும் அவர்களது சண்டைக்காட்சிதான். அவர்கள் கட்டிய வண்டிகளில் ஒன்றையேனும் நினைவுகூரக்கூடியவர்கள் அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

கைவேலைக்கும் தொலைக்காட்சிக்கும் இடையிலான முரண் காலம் சார்ந்தது என்பது நமது எண்ணம். பற்றவைப்பு, அரம் போடுதல், பொருத்திப் பார்த்துக் கழற்றி மீண்டும் பொருத்துதல் யாவும் மெதுவானவை, திரும்பத் திரும்பச் செய்பவை, பார்க்கச் சலிப்பூட்டுபவை. எனவே தொலைக்காட்சி அங்கே கெடு நாளையும் போட்டியையும் வசவையும் கண்ணீரையும் கொண்டுவந்து வைக்கிறது. இரும்பு பின்னணிப் பொருளாகிறது. முன்பு கைவினைஞனுக்குப் பெயரில்லை. இப்போது பெயர் மட்டுமே இருக்கிறது. இரண்டுமே ஒருவகை அழிப்புதான்.

லாரி இந்த வலையிலிருந்து முற்றாகத் தப்பினார் என்று சொல்ல மாட்டோம். அவரும் போட்டிக்கு நின்றார், வாக்குக் கேட்டார், கூட்டத்தின் ஆரவாரத்தை விரும்பினார். ஆயினும் அவரது வண்டிகள் அவரை மீறி நிற்கின்றன. காட்சிக்கூடத்துக்கென்றே செய்யப்பட்ட, திருப்பவும் இயலாத நீள்முன்கால் வண்டிகள் மலிந்திருந்த காலத்தில் அவர் தெருவில் அன்றாடம் ஓட்டத்தக்க, குட்டையான, தேவையற்றதெல்லாம் களையப்பட்ட வண்டிகளைச் செய்தார். எந்திரத்தின் உறுப்புகளை மறைக்காமல் வெளியே தெரியவிட்டார். ‘செயின் ஆஃப் மிஸ்டரி’ என்ற வண்டியில் சட்டகத்துக்குக் குழாய்களோடு கனத்த சங்கிலிக் கண்ணிகளையும் ஒன்றோடொன்று பற்றவைத்துப் பயன்படுத்தினார். வளைந்து நெளிவதற்கென்றே உண்டான ஒன்றை விறைப்பாக்கி அதன்மேல் என்ஜினின் பாரத்தை ஏற்றினார். சிறையிலிருந்த ஒருவன் சங்கிலியை எடுத்து வண்டிக்கு முதுகெலும்பாக்கினான் என்பதை அவர் எங்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பொருளே பேசியது. அவர் தமக்கெனத் தேர்ந்துகொண்ட சின்னம் ஒரு கேள்விக்குறி.

சரி, இந்தக் கட்டுரையின் முதல் பத்தியை எதைக்கொண்டு தொடங்கினோம்? வண்டியைக்கொண்டா, வீழ்ச்சியைக்கொண்டா? குற்றம் சாட்டும் விரல் இங்கே நம்மை நோக்கியும் திரும்புகிறது. எழுத்தாளனின் குடி, வறுமை, தற்கொலை, சச்சரவு ஆகியவற்றை மணிக்கணக்கில் பேசிவிட்டு அவனது ஒரு பக்கத்தைக்கூடப் பொறுமையாக வாசிக்காத இலக்கியக் கூட்டங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. அங்கும் பற்றவைப்பின் சலிப்பைத் தாங்க மறுத்து நாற்காலி பறப்பதற்காகத்தான் காத்திருக்கிறோம். டிஸ்கவரி செய்ததை நாம் தேநீர்க் கடை வாசலில் செய்கிறோம்.

லாரியின் மரணத்துக்குப் பிறகு அவரது சகாக்கள் புரூக்ளினில் அவர் பெயராலேயே பட்டறையைத் தொடர்ந்தார்கள். நினைவஞ்சலிக்கு அதைவிடப் பொருத்தமான வழி நமக்குத் தெரியவில்லை. அவர் விழுந்த கதையை அறிந்துகொண்ட வாசகர்கள், அந்தச் சங்கிலி வண்டியின் படத்தையும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். கண்ணிகள் சேருமிடங்களில் பற்றவைப்பு எப்படி ஓடியிருக்கிறது என்று கவனியுங்கள். அங்கே எந்த அவசரமும் தெரியாது.